95 சென்டிமீட்டர் எங்கே பெய்தது?

2023 டிசம்பர் 18 காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை பதிவானது. தூத்துக்குடி மாவட்டத்துக்கு ஓர் ஆண்டு முழுக்கக் கிடைக்கும் சராசரி மழை 70 செ.மீ.கூடத் தேறாது. அதே நாளில் திருச்செந்தூரில் 69 செ.மீ., ஸ்ரீவைகுண்டத்தில் 62 செ.மீ. தண்டவாளத்துக்கு அடியிலிருந்த மண்ணை வெள்ளம் அரித்துக்கொண்டு போக, செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கிக்கொண்டது பலருக்கு நினைவிருக்கும்.

காயல்பட்டினத்துக்கும் திருச்செந்தூருக்கும் இடையே பத்து கிலோமீட்டர் தூரம்கூட இல்லை. ஆனால் மழையில் 26 செ.மீ. வித்தியாசம். ‘இங்கே கொஞ்சம் அதிகம், அங்கே கொஞ்சம் குறைவு’ என்று விட்டுவிடலாம்தான். கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படி விட முடியாது. ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரு செ.மீ. மழை பெய்தால் ஒரு கோடி லிட்டர். இந்த இரண்டு ஊர்களையும் சுற்றி 100 சதுர கிலோமீட்டரை எடுத்துக்கொள்வோம். அங்கே பெய்தது 95 செ.மீ. என்று எழுதுவதற்கும் 69 செ.மீ. என்று எழுதுவதற்கும் இடையிலுள்ள வேறுபாடு ஏறக்குறைய 0.9 டி.எம்.சி. தண்ணீர். செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவில் கால் பங்கு அது. எந்த எண்ணைப் பிடிப்பது என்று தெரியாவிட்டால் கால் ஏரித் தண்ணீர் கணக்கில் வராமலே போகும், அல்லது இல்லாத தண்ணீர் கணக்கில் ஏறும்.

இரண்டு எண்ணுமே உண்மை. ஆனால் அவை உண்மையாக இருப்பது ஒரு மழைமானியின் வாயகலத்துக்குத்தான்.

இந்திய வானிலை ஆய்வுத் துறை பயன்படுத்தும் சாதாரண மழைமானியின் வாய், 200 சதுர செ.மீ. அல்லது 100 சதுர செ.மீ. பெரியதன் விட்டமே 16 செ.மீ.தான், சாப்பாட்டுத் தட்டைவிடச் சிறியது. கண்ணாடி நாரிழையில் செய்த உருளை, மேலே புனல், உள்ளே ஒரு பாலித்தீன் குப்பி. விளிம்பு தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில், மட்டமாக இருக்க வேண்டும். பக்கத்தில் சுவரோ மரமோ இருந்தால், அதன் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தூரமாவது தள்ளி வைக்க வேண்டும். தினமும் காலை எட்டரைக்கு ஒருவர் போய், கம்பிவேலிக் கதவைத் திறந்து, புனலைக் கழற்றி, குப்பியில் இருக்கும் தண்ணீரை அளவுக் குவளையில் ஊற்றி, கண்ணுக்கு நேராகப் பிடித்து, நீர்மட்டத்தின் அடிவளைவு எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்துப் பதிவேட்டில் எழுதுகிறார். தமிழ்நாட்டில் பெரும்பாலும் வட்டாட்சியர் அலுவலகங்களிலும் அணைகளிலும் நடக்கும் வேலை இது. மேலோட்டமாகப் பார்த்தால் இதில் தப்பு செய்ய என்ன இருக்கிறது என்று தோன்றும்.

நிறைய இருக்கிறது. அளவுக் குவளை மழைமானியின் வாய்ப்பரப்புக்கு ஏற்றபடி கோடு போட்டது. 200 சதுர செ.மீ. வாய்க்கு உரிய குவளையை 100 சதுர செ.மீ. மானியோடு பயன்படுத்தினால் பெய்த மழையில் பாதிதான் பதிவேட்டில் ஏறும். மாற்றிப் பயன்படுத்தினால் இரட்டிப்பாகும். குவளை உடைந்துபோய், கையில் கிடைத்த இன்னொரு குவளையை எடுத்துக்கொள்ளும் இடத்தில் இந்தப் பிழை சத்தமில்லாமல் நுழையும். மாதக்கணக்கில் யாரும் கவனிக்காமலும் போகலாம்.

குப்பியின் கொள்ளளவு இன்னொரு சிக்கல். 200 சதுர செ.மீ. வாயும் 4 லிட்டர் குப்பியும் உள்ள மானி 20 செ.மீ. மழையில் நிரம்பிவிடும். 100 சதுர செ.மீ. வாயும் 10 லிட்டர் குப்பியும் சேர்ந்தால்தான் 100 செ.மீ. வரை தாங்கும். காயல்பட்டினத்து 95 செ.மீ. மழையை 200 சதுர செ.மீ. வாய் வழியாகப் பிடித்தால் தேறும் தண்ணீர் 19 லிட்டர்! அப்படிப்பட்ட இரவில், கொட்டுகிற மழையிலும் இருட்டிலும் இடையிடையே ஒருவர் வெளியே போய்க் குப்பியைக் காலி செய்து எழுதி வைத்தால்தான் காலையில் கணக்கு முழுமையாக இருக்கும். பெருமழை நாட்களின் எண்களை நான் மரியாதையோடு பார்ப்பதற்கு இது ஒரு காரணம்.

தானியங்கி மழைமானியில் ஆள் வேண்டாம். புனலுக்கு அடியில் ஏற்றப்பலகைபோல் இரண்டு சிறு கிண்ணங்கள் இருக்கும். ஒன்றில் 0.2 மி.மீ. அல்லது 0.5 மி.மீ. மழைக்குரிய நீர் சேர்ந்ததும் அது கவிழும், மற்றது மேலே வரும். ஒவ்வொரு கவிழ்ப்பையும் கருவி எண்ணிக்கொள்ளும். தூறலுக்கும் மிதமான மழைக்கும் நன்றாக வேலை செய்யும். மணிக்கு 10 செ.மீ. வேகத்தில் கொட்டும்போது 0.2 மி.மீ. கிண்ணம் ஏழு விநாடிக்கு ஒருமுறை கவிழ வேண்டியிருக்கும். கவிழும் அந்தக் கணத்தில் புனலிலிருந்து இறங்கும் நீர் எண்ணிக்கையில் சேராமல் வழிந்துவிடும். ஆக, மழை எவ்வளவு வலுக்கிறதோ அவ்வளவு குறைத்துக் காட்டும் கருவி இது. தரநிர்ணயம் செய்து திருத்தாவிட்டால், துல்லியமான எண் மிகவும் தேவைப்படும் நேரத்தில் காலை வாரும். இவற்றோடு புனலை அடைக்கும் இலைச்சருகு, குளவிக் கூடு, பறவை எச்சம் எல்லாம் உண்டு. அடைபட்ட மானி ‘மழை இல்லை’ என்று தயங்காமல் சொல்லும். ‘நான் பழுதாகிவிட்டேன்’ என்று சொல்லாது.

காற்றும் திருடும். மானியின் விளிம்பில் மோதி மேலெழும் காற்று, சிறு துளிகளை வாய்க்கு மேலாகவே தூக்கிக்கொண்டு போய்விடும். மழையில் இதனால் வரும் இழப்பு வழக்கமாகச் சில விழுக்காடுதான். பனிப்பொழிவில் பாதிகூடப் போகும். புயல் நாளில் கரையோர மானி காட்டுவது எப்போதும் கீழ்மட்டக் கணக்குதான்.

இத்தனை குறை இருந்தும், நிலத்தில் விழுந்த நீரை நேரடியாகப் பிடித்து அளக்கும் கருவி மழைமானி ஒன்றுதான். மற்றவை எல்லாம் வேறு எதையோ அளந்து, அதிலிருந்து மழையை ஊகிப்பவை. தானியக் களஞ்சியத்தின் முன்னால் ஒரு முழ அகல வாயுள்ள பாத்திரத்தை வைத்து மழையை அளக்கச் சொல்கிறது அர்த்தசாஸ்திரம். 1440-களில் கொரியாவின் சேஜோங் மன்னர் நாடெங்கும் ஒரே அளவிலான மழைமானிகளை வைத்தார். நம் பஞ்சாங்கங்களில் இன்றும் மழையை மரக்கால் கணக்கில்தான் சொல்கிறார்கள், அது வரப்போகும் மழைக்கு முன்கூட்டியே போடுகிற கணக்கு என்பது வேறு விஷயம்! பாத்திரத்தில் பிடித்து அளக்கும் அந்தப் பழைய யோசனையை இன்னும் யாராலும் மிஞ்ச முடியவில்லை.

மழைமானியின் பெரிய குறை அதன் எண்ணிக்கை. கிரிஸ் கிட் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2017-இல் ஒரு வேடிக்கையான கணக்கைப் போட்டார்கள். தரவு கிடைக்கக்கூடிய உலக மழைமானிகள் அத்தனையின் வாய்களையும் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினால் எவ்வளவு இடம் பிடிக்கும்? பாதிக் கால்பந்து மைதானம்கூட நிரம்பாது என்று விடை வந்தது. பூமியின் பரப்பு 51 கோடி சதுர கிலோமீட்டர். ‘உலகில் இந்த மாதம் இவ்வளவு மழை’ என்று சொல்வதெல்லாம் அந்த அரை மைதானத்தில் காலூன்றிச் சொல்வதுதான்.

மழை எல்லா இடத்திலும் ஒரே சீராகப் பெய்வதாக இருந்தால் இது பிரச்சினையே இல்லை. 2005 ஜூலை 26 அன்று மும்பை சாந்தாகுரூசில் 94 செ.மீ. பெய்தது, அதே நகரத்தின் தெற்கு முனையில் கொலாபாவில் சுமார் 7 செ.மீ.தான். கொலாபாவில் மட்டும் மானி இருந்திருந்தால் அந்தப் பேரழிவு நாள் பதிவேட்டில் ஒரு சாதாரண மழைக்கால நாளாக உட்கார்ந்திருக்கும். 2015 டிசம்பர் 2 காலையில் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரம் 49 செ.மீ., செம்பரம்பாக்கம் 47, மீனம்பாக்கம் 35, நுங்கம்பாக்கம் 29. ‘சென்னையில் அன்று எவ்வளவு மழை?’ என்ற கேள்விக்கு ஒற்றை விடை கிடையாது. அடையாற்றில் வந்த வெள்ளத்தைப் புரிந்துகொள்ள நுங்கம்பாக்கத்து எண் உதவாது. நீர் பிடித்தது தாம்பரமும் அதற்கு மேற்கேயுள்ள ஏரிகளும்.

மானிகளுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தை நிரப்பப் பழைய வழி ஒன்று உண்டு. அமெரிக்க வானிலைத் துறையைச் சேர்ந்த ஆல்ஃபிரட் தீசன் 1911-இல் சொன்னது: வரைபடத்தில் ஒவ்வோர் இடத்தையும் அதற்கு மிக அருகிலுள்ள மானியின் கணக்கில் சேர்த்துவிடு. பொறியியல் கல்லூரிகளில் நீரியல் படித்தவர்கள் ‘தீசன் பலகோணம்’ வரைந்து கை ஓய்ந்திருப்பார்கள். எளிமையானது, ஆனால் பலகோணத்தின் எல்லைக்கோட்டில் மழை படாரென்று 69-லிருந்து 95-க்குத் தாவும். மேகம் அப்படிக் கோடு பார்த்துப் பெய்வதில்லை.

இன்னும் நயமான வழி தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களிலிருந்து வந்தது. டேனி கிரிகே என்ற சுரங்கப் பொறியாளருக்குக் கிடைத்தவை சில துளைகளிலிருந்து எடுத்த மாதிரிகள். தெரிய வேண்டியது இடைப்பட்ட பாறையில் எவ்வளவு தங்கம் என்பது. இரண்டு துளைகளுக்கு இடையே தூரம் கூடக்கூட அவற்றின் அளவுகள் எப்படி விலகுகின்றன என்பதை முதலில் கண்டுபிடித்து, அந்த உறவை வைத்தே ஒவ்வொரு மாதிரிக்கும் எவ்வளவு மதிப்புக் கொடுப்பது என்று தீர்மானிக்கும் முறையை 1951-இல் அவர் தொடங்கிவைத்தார். இன்று ‘கிரிகிங்’ என்ற பெயரில் மழைக் கணக்கிலும் அது புழங்குகிறது. இதன் சிறப்பு, எண்ணோடு சேர்த்து ‘இந்த எண்ணை எவ்வளவு நம்பலாம்’ என்பதையும் சொல்லிவிடும். மானிக்குப் பக்கத்தில் நிறைய நம்பலாம், தள்ளிப் போகப்போகக் குறைவு. மாத மழைக்கு நூறு கிலோமீட்டர் தள்ளியுள்ள மானிகூட ஏதோ ஒரு செய்தி சொல்லும். ஒரு மணி நேர இடிமழைக்குப் பத்து கிலோமீட்டர் தள்ளியுள்ள மானி கிட்டத்தட்ட அந்நியன்தான். எந்தக் கணிதத்தாலும், எந்த மானியும் பார்க்காத மழையைக் கண்டுபிடிக்க முடியாது.

அதைப் பார்க்கத்தான் மேலே போனார்கள்.

விண்ணிலிருந்து மழையைப் பார்க்கும் முதல் வழி அகச்சிவப்புக் கதிர். நம் இன்சாட்-3டிஆர், இன்சாட்-3டிஎஸ் போன்ற புவிநிலைச் செயற்கைக்கோள்கள் 36,000 கி.மீ. உயரத்தில் ஒரே இடத்தில் நின்றபடி, அரை மணிக்கு ஒருமுறை இந்தியப் பெருங்கடல் பகுதி முழுவதையும் படம் பிடிக்கின்றன. செய்திகளில் வெள்ளை வெள்ளையாகத் திரண்டு சுழலும் மேகப்படம் அங்கிருந்து வருவதுதான். அந்தப் படம் காட்டுவது மழையை அல்ல, மேகத்தின் மேல்முனை எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பதை. மேகம் எவ்வளவு உயரம் வளர்ந்ததோ உச்சி அவ்வளவு குளிரும். உயரமான மேகம் பெரும்பாலும் பலமாகப் பெய்யும். 1980-களில் பிலிப் ஆர்க்கின் வகுத்த கணக்கு இதைவிட எளிமையாக இருக்க முடியாது: மேகத்தின் உச்சி மைனஸ் 38 டிகிரி செல்சியஸைவிடக் குளிர்ந்திருந்தால், அதற்கடியில் மணிக்கு 3 மி.மீ. மழை என்று வைத்துக்கொள். கூரைக்கு மேல் எழும் புகையைப் பார்த்து உள்ளே என்ன சமையல் என்று சொல்கிற மாதிரியான வேலைதான். ஆச்சரியம் என்னவென்றால், வெப்பமண்டலக் கடல்களில் பெரிய பரப்புக்கும் ஒரு மாதத்துக்கும் சராசரி எடுத்தால் இது நன்றாகவே பொருந்தும். ஓர் ஊருக்கும் ஒரு மணி நேரத்துக்கும் எடுத்தால் சொதப்பும். இடிமேகம் பெய்து ஓய்ந்த பிறகும் அதன் தலையிலிருந்து பரவிய மெல்லிய பனிமேகம் மணிக்கணக்கில் குளிர்ந்து கிடக்கும். அதற்கடியில் வெயிலே அடித்தாலும் செயற்கைக்கோள் மழை என்று எழுதும்.

இரண்டாவது வழி நுண்ணலை. மழைத்துளிகளும் பனித்துகள்களும் இயல்பாகவே வெளிவிடும், அல்லது சிதறடிக்கும் நுண்ணலைகளை அளப்பது. மேகம் இந்த அலைகளுக்கு ஓரளவு கண்ணாடிபோல இருப்பதால், மேல்முனையைத் தாண்டி உள்ளே பார்க்க முடிகிறது. கடலின் மேல் இது அழகாக வேலை செய்யும். குறைந்த அதிர்வெண்களில் கடற்பரப்பு மங்கலாகத் தெரியும். அந்தப் பின்னணியில் மழைத்துளிகள் பளிச்சென்று ஒளிரும். நிலம் அப்படியில்லை, தானே பிரகாசமாக இருப்பது. அந்தப் பிரகாசத்தில் மழைத்துளியின் ஒளி கரைந்துவிடும். எனவே நிலத்தின் மேல் வேறு உபாயம்: மேகத்தின் மேல்பகுதியிலுள்ள பனிக்கட்டிகள் கீழிருந்து வரும் அலைகளைச் சிதறடித்து உண்டாக்கும் இருட்டுத் திட்டைப் பார்த்து, ‘இவ்வளவு பனி இருந்தால் கீழே இவ்வளவு மழை இருக்கும்’ என்று ஊகிப்பது. கடற்கரை ஊர்களில் இரண்டும் கலந்து குழப்பும். கருவியின் ஒரு பார்வைத் திட்டில் பாதி கடல், பாதி நிலம். காயல்பட்டினம் அப்படிப்பட்ட இடத்தில்தான் இருக்கிறது.

இந்தத் துறையில் இந்தியாவுக்கும் ஒரு சொந்தக் கதை உண்டு. 2011 அக்டோபர் 12 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இஸ்ரோவும் பிரான்ஸ் நாட்டு விண்வெளி அமைப்பும் சேர்ந்து மேகா-டிராபிக்ஸ் செயற்கைக்கோளை ஏவின. வெப்பமண்டலத்தை மட்டும் குறிவைத்து, நிலநடுக்கோட்டுக்கு 20 டிகிரி சாய்வில் சுற்றியதால், மற்ற கோள்கள் நாளுக்கு ஓரிரு முறை எட்டிப்பார்க்கும் இடத்தை அது பலமுறை பார்த்தது. அதன் முக்கியக் கருவியின் பெயர் ‘மெட்ராஸ்’. ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைக் கோத்துச் செய்த பெயர்தான். மழைக்காலத்தில் தத்தளிக்கும் ஒரு நகரத்தின் பழைய பெயரை மழை பார்க்கும் கருவிக்கு வைத்தவர்களின் குறும்பு எனக்குப் பிடிக்கும். மெட்ராஸ் 2013-இன் தொடக்கத்திலேயே பழுதாகிவிட்டது. காற்றின் ஈரப்பதத்தை அளந்த சாஃபிர் என்ற இன்னொரு கருவி வருடக்கணக்கில் உழைத்து, உலக மழைக் கணக்குகளுக்குத் தரவு கொடுத்தது. 2023 மார்ச் 7 அன்று இஸ்ரோ அந்தச் செயற்கைக்கோளைக் கட்டுப்பாட்டோடு பசிபிக் கடலுக்கு மேல் இறக்கி எரித்தது.

மூன்றாவது வழி, விண்ணிலிருந்தே ரேடார் அடிப்பது. 1997 நவம்பரில் அமெரிக்காவும் ஜப்பானும் அனுப்பிய டி.ஆர்.எம்.எம். செயற்கைக்கோள் அதை முதன்முதலாகச் செய்தது. மூன்று ஆண்டுக்கென்று செய்த கோள் பதினேழு ஆண்டுகளுக்கு மேல் ஓடியது. 2014 பிப்ரவரியில் ஜப்பானின் தனேகஷிமாவிலிருந்து கிளம்பிய ஜி.பி.எம். மையக்கோள் அதன் வாரிசு. இரண்டு அதிர்வெண்களில் ரேடார் அடித்து, மேகத்தை உயரவாரியாக அறுத்துக் காட்டும். இதுதான் இருப்பதிலேயே நுணுக்கமான பார்வை. ஆனால் அது ஒரு நேரத்தில் பார்ப்பது 245 கி.மீ. அகலமுள்ள பட்டையை மட்டும். ஓர் ஊருக்கு மேலே திரும்பி வர நாட்கள் ஆகலாம். 2023 டிசம்பர் மாதிரியான ஓர் இரவைத் தற்செயலாகப் பிடித்தால் உண்டு.

ரேடாருக்குள் ஒரு பொறியும் இருக்கிறது. எதிரொலியின் வலு, துளியின் விட்டத்தின் ஆறாம் அடுக்கைப் பொறுத்தது. நீரின் அளவோ மூன்றாம் அடுக்கை. 4 மி.மீ. விட்டமுள்ள ஒரே ஒரு துளி, 1 மி.மீ. துளிகள் 4,096 சேர்ந்து தரும் எதிரொலியைத் தனியாகவே தந்துவிடும். அதிலிருக்கும் தண்ணீரோ 64 சிறு துளிகளின் தண்ணீர்தான். ஆகவே ரேடார் திரையில் ஒரே நிறமாகத் தெரியும் இரண்டு மேகங்களில், ஒன்று பெருந்துளி இடிமழையாகவும் மற்றது சிறுதுளிகள் பொழியும் அடைமழையாகவும் இருக்கலாம். தரையில் விழும் தண்ணீர் பல மடங்கு மாறும். 1948-இல் மார்ஷல், பால்மர் என்ற இருவர் துளிகளின் அளவுப் பரவலுக்கு ஒரு சூத்திரம் கண்டார்கள். அதிலிருந்து வந்த எதிரொலி–மழை வாய்பாட்டை இன்றும் உலகம் முழுவதும், சென்னைத் துறைமுகப் பகுதியிலிருந்து சுழலும் ரேடார் போன்றவற்றுக்கும், வட்டாரத்துக்கு ஏற்றபடி மாற்றித்தான் பயன்படுத்துகிறார்கள். எப்படி மாற்றுவது என்று யார் சொல்வது? தரையிலிருக்கும் மழைமானிதான்.

இத்தனை கண்களையும் ஒன்று சேர்ப்பதுதான் இன்றைய முறை. ‘ஐமெர்ஜ்’ என்று நாசா தரும் மழைத் தரவு அதில் பிரபலமானது. ஜி.பி.எம். மையக்கோளை உரைகல்லாக வைத்து, பல நாடுகளின் நுண்ணலைக் கோள்களின் அளவுகளை ஒரே தரத்துக்குக் கொண்டுவருகிறார்கள். ஒரு கோள் கடந்துபோய் அடுத்தது வரும் இடைவெளியில் மழைத்திட்டுகள் எந்தப் பக்கம் நகர்ந்திருக்கும் என்று கணித்து நிரப்புகிறார்கள். அதுவும் போதாத இடத்தில் அகச்சிவப்பு. முடிவில் உலகம் முழுக்க 0.1 டிகிரிக் கட்டம், அதாவது நம் பக்கத்தில் சுமார் 11 கி.மீ. சதுரம், அரை மணிக்கு ஒரு மழை எண். அவசரப் பதிப்பு சுமார் நான்கு மணி நேரத்தில் வந்துவிடும். இறுதிப் பதிப்பு மூன்றரை மாதம் கழித்து. ஏன் அத்தனை தாமதம்? ஜெர்மன் வானிலைத் துறை நடத்தும் மையம் ஒன்று உலக நாடுகளின் மழைமானிக் கணக்குகளைத் திரட்டி, சரிபார்த்து, மாத மொத்தத்தைத் தயார் செய்யக் காத்திருப்பதால்தான். பல கோள்களும் சேர்ந்து வரைந்த படத்தைக் கடைசியில் அந்தக் குப்பிகளின் மொத்தத்தோடு ஒத்துப்போகும்படி இழுத்துச் சரிசெய்கிறார்கள்.

‘இனி செயற்கைக்கோள் இருக்கிறதே, மானி எதற்கு’ என்ற பேச்சை அவ்வப்போது கேட்க முடிகிறது. நடப்பதோ நேர்மாறு. எங்கே மானி அடர்த்தியாக இருக்கிறதோ அங்கேதான் செயற்கைக்கோள் மழையும் நம்பும்படி இருக்கிறது. இந்தியாவில் 1901-லிருந்து 6,955 நிலையங்களின் பதிவுகளைக் கொண்டு வானிலைத் துறை 0.25 டிகிரிக் கட்டங்களில் நாள்வாரி மழை வரைபடத்தைத் தயாரித்திருக்கிறது. நம் பருவமழை பற்றிய செயற்கைக்கோள் ஆய்வுகள் மறுபடி மறுபடி வந்து உரசிப் பார்ப்பது அந்த வரைபடத்தில்தான்.

உரசிப் பார்ப்பதிலும் ஒரு வழுக்கல் உண்டு. நம் மழை நாள் காலை 8.30-இலிருந்து மறுநாள் காலை 8.30 வரை, அது முடிந்த தேதியில்தான் பதிவாகும். 17ஆம் தேதி பகலிலும் இரவிலும் கொட்டிய மழை, காயல்பட்டினத்தின் கணக்கில் டிசம்பர் 18. செயற்கைக்கோளின் நாளோ உலகப் பொது நேரத்தில் நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை, நமக்கு அது காலை 5.30 முதல் 5.30. மூன்று மணி நேரம் பிசகும், தேதியும் ஒன்று தள்ளும். இதைச் சரிசெய்யாமல் இரண்டு கோப்புகளையும் தேதிக்குத் தேதி பொருத்திவிட்டு ‘செயற்கைக்கோள் தப்பு’ என்று எழுதுவது புதிதாக வரும் மாணவர்கள் எளிதில் விழும் குழி.

இன்னொன்று, புள்ளிக்கும் பரப்புக்கும் உள்ள முரண். ஐமெர்ஜ் கட்டம் ஒன்றின் பரப்பு சுமார் 120 சதுர கிலோமீட்டர். காயல்பட்டினமும் திருச்செந்தூரும் ஒரே கட்டத்திலோ அடுத்தடுத்த கட்டங்களிலோ விழும். பிழையே இல்லாத செயற்கைக்கோள் ஒன்று இருப்பதாக வைத்துக்கொண்டாலும், அது சொல்வது கட்டத்தின் சராசரியைத்தான்; 95 என்ற உச்சம் அதில் மழுங்கித்தான் தெரியும். அதற்காக அதைக் குறை சொல்ல முடியாது. மறுபக்கம், மானியின் 95-ஐ எடுத்து மாவட்டம் முழுக்கப் பூசுவதும் தவறு. வெள்ளக் கணிப்புக்குத் தேவைப்படுவது பரப்பின் கணக்கு. தெருவில் நீர் எவ்வளவு நிற்கும் என்பதற்குத் தேவைப்படுவது உச்சம். பயிர்க் காப்பீட்டில் இந்த முரண் பணமாகவே மாறும்: மானி இருக்கும் ஊரில் மழை பெய்து, பத்து கிலோமீட்டர் தள்ளியுள்ள வயல் காய்ந்தால், காகிதத்தில் வறட்சியே இல்லை.

தமிழ்நாடு அரசு அண்மையில் 1,400 தானியங்கி மழைமானிகளையும் 100 தானியங்கி வானிலை நிலையங்களையும் நிறுவும் திட்டத்தைக் கையிலெடுத்தது. மாநிலத்தின் பரப்பு சுமார் 1,30,000 சதுர கிலோமீட்டர். வகுத்துப் பார்த்தால் ஏறத்தாழ 93 சதுர கிலோமீட்டருக்கு ஒன்று. ஒரு செயற்கைக்கோள் கட்டத்துக்குச் சராசரியாக ஒரு மானிக்கும் மேல். மானி பொருத்துவது சுலபம். ஆண்டுதோறும் புனலைத் துடைத்து, கிண்ணத்தைச் சோதித்து, பழுதானதைப் பழுது என்று குறிப்பதுதான் கடினம். சோதிக்காத ஆயிரம் மானிகளைவிட, நம்பத்தக்க நூறு மானிகளைக் கொண்டு செயற்கைக்கோள் படத்தை நன்றாகத் திருத்தலாம்.

சராசரி என்பதும் ஏமாற்றும். மானிகள் ஆள் இருக்கும் இடத்தில் இருக்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையில் மழை அளவு கிடைப்பது பெரும்பாலும் எஸ்டேட், அணை, மின்வாரியக் குடியிருப்பு ஆகியவற்றில்தான். நெல்லையில் பெருமழை என்றால் மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து, காக்காச்சி என்று செய்திகளில் பெயர்கள் வருவது இதனால்தான். தேயிலை இருக்கும் இடங்கள் அவை. அவற்றுக்கு அப்பால் உள்ள சோலைக்காட்டில் என்ன பெய்தது என்று சொல்ல எவருமில்லை. ஆறுகளெல்லாம் அங்கேதான் பிறக்கின்றன.

அந்த மலைகளில் செயற்கைக்கோளும் கைவிரிக்கும். தென்மேற்குப் பருவக்காற்று மலைச்சரிவில் ஏறும்போது உருவாகும் மேகங்கள் பல நேரங்களில் அதிக உயரம் வளர்வதில்லை. உச்சி போதிய அளவு குளிராததால் அகச்சிவப்புக்கு அது சாதாரண மேகம். பனிக்கட்டி அதிகம் இல்லாததால் நுண்ணலைக்கும் தெரிவதில்லை. விண்ரேடாருக்கோ, தரையிலிருந்து வரும் எதிரொலி கீழடுக்கு மேகத்தின் எதிரொலியை மூடிவிடும். மலைப்பகுதியில் அது இன்னும் மோசம். தரைரேடாரின் கதிரை மலையே மறைக்கும். ஓயாமல் நாள்முழுக்கப் பெய்து அணையை நிரப்பும் மழை, மேலிருந்து பார்ப்பவர்களுக்குப் பாதிகூடத் தெரியாமல் போவதுண்டு. மலையைத் தாண்டிய மறைவுப் பக்கத்தில் இதற்கு நேர் எதிரான பிழையும் நிகழும்: மேகம் தெரியும், துளிகளும் விழும், வறண்ட காற்றில் பாதி வழியிலேயே ஆவியாகிவிடும்.

இப்படிப்பட்ட இடத்தில் நீரியலாளர்கள் கணக்கைத் திருப்பிப் போடுகிறார்கள். அணைக்கு வந்த நீரை அளக்க முடியும். நீர்ப்பிடிப்புப் பரப்பு எவ்வளவு என்பதும் தெரியும். பெய்த மழையில் ஒரு பகுதி மண்ணில் இறங்கும், ஒரு பகுதி ஆவியாகும். மீதிதான் அணைக்கு வர முடியும். வரைபடம் சொல்லும் மழையைவிட அணைக்கு வந்த தண்ணீர் அதிகமாக இருந்தால், ஆறு பொய் சொல்ல வழியில்லை. அந்த வித்தியாசத்தை வைத்து மலையுச்சி மழையைத் திருத்தி எழுதிவிட்டு, அடுத்த மானியை எந்தச் சரிவில் வைப்பது என்று தேடிக்கொண்டு போகலாம்.